கொஞ்ச நேரத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே நம் அலுவலகத்தில் நடக்கும் ஆங்கில வகுப்புப் பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பாடத்தை எழுதத் தொடங்கினோம். இதற்கிடையில் நடந்த ஒரு விஷயம், பெற்றோரும் இதைப் படிக்கட்டும் என்று எண்ண வைத்தது.

நம் பகுதிச் சகோதரர் ஒருவருக்கு ஒரு நாள் காலையில் நெஞ்சு வலி வந்தது. மகனும் மகளும் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். பார்த்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. வலி எவ்வளவு நேரம் இருந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். "கொஞ்ச நேரம்" என்று அத்தா சொன்னதை மகன் 'சம் டைம்' என்று சொல்லிவிட்டார். டாக்டர் காதில் அது 'சம்டைம்ஸ்' என்று விழுந்தது. அதாவது, எப்போதாவது வந்து போகும் பழைய வலி. கேள்விகளும் அந்தப் பக்கமே போயின. மகள் குறுக்கிட்டு, 'அபௌட் ட்வென்டி மினிட்ஸ், திஸ் மார்னிங்' என்று சொன்ன பிறகே உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ், சகோதரர் இப்போது நலமாக இருக்கிறார்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 'சம் டைம்' தப்பான ஆங்கிலமும் அல்ல. ஆனால் நாம் நினைக்கும் கொஞ்ச நேரம் அதில் இல்லை. ஒரு வேலை 'சம் டைம்' பிடித்தது என்றால், ஓரளவு நேரமாகவே ஆனது என்றுதான் ஆங்கிலம் பேசுகிறவர் எடுத்துக்கொள்வார். மருத்துவமனையில் எண்ணைச் சொல்லிவிடுவதே நல்லது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது அதனால்தான்.

மற்ற இடங்களில் எண் தேவையில்லை, சரியான ஜோடிச் சொல் போதும். தமிழிலும் நாம் 'சிறிது நேரம்' என்போம், 'சிறிய நேரம்' என்று யாரும் சொல்வதில்லை. 'நொடிப்பொழுது' உண்டு, 'நிமிடப்பொழுது' கிடையாது. ஏன் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், பழக்கம் அப்படி. ஆங்கிலத்திலும் இதே கதைதான். நேரம் என்றால் 'ஷார்ட் டைம்'. நம் பிள்ளைகள் சொல்லும் 'ஸ்மால் டைம்' வேறு பொருள் தரும். சில்லறைத்தனமான, பெரிய மதிப்பில்லாத என்று அர்த்தம். நேர்முகத் தேர்வில், தான் ஒரு கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்ததை ஒரு பிள்ளை இப்படிச் சொல்லி, எதிரே இருந்தவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று புரியாமல் திரும்பி வந்தார். 'ஃபார் எ ஷார்ட் டைம்' என்றிருந்தால் முடிந்தது.

'வைல்' என்ற சொல்லோடு 'ஷார்ட்', 'லிட்டில்' இரண்டும் சேரும். 'மொமென்ட்' உடன் 'ப்ரீஃப்' சேரும். இமைப்பொழுதுக்கு 'ஸ்பிளிட் செகண்ட்'. நேரத்தை விட்டுவிட்டு, செய்யும் காரியம் சீக்கிரம் முடியும் என்று சொல்ல 'க்விக்' வரும்: 'க்விக் லுக்', 'க்விக் கால்'. அவகாசம் அதிகம் தராமல் கூப்பிட்டாலும் வந்து சேர முடியும் என்பதற்கு 'அட் ஷார்ட் நோட்டீஸ்'. வேலை தேடும் பிள்ளைகள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நம் வகுப்பில் அதிகம் தடுமாறுவது 'எ ஃபியூ மினிட்ஸ்' என்பதில்தான். முன்னால் நிற்கும் அந்த ஒற்றை எழுத்து 'எ' விழுந்துவிட்டால் பொருள் திரும்பிவிடும். 'எ ஃபியூ மினிட்ஸ்' இருக்கிறது என்றால் சில நிமிடங்கள் இருக்கிறது, கவலை வேண்டாம். 'ஃபியூ மினிட்ஸ்' மட்டும் என்றால் நேரம் அநேகமாக இல்லை. தேர்வு அறையில் இந்த வித்தியாசம் தெரிந்தால் நல்லதுதானே!

ஜோடிக்கு முன்னால் வரும் சிறு சொல்லையும் பாருங்கள். 'இன் எ மொமென்ட்' என்றால் இதோ வருகிறேன். 'ஃபார் எ மொமென்ட்' என்றால் ஒரு கணம் மட்டும் இருப்பேன். 'எ மொமென்ட் அகோ' என்றால் சற்று முன். இங்கே ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே ஒத்துப்போவதில்லை. 'மொமென்டரிலி' என்றால் பிரிட்டனில் ஒரு கணம் மட்டும். அமெரிக்காவில் இன்னும் சற்று நேரத்தில் என்றும் பொருள். தென்னாப்பிரிக்காவிலோ, 'ஜஸ்ட் நௌ' வருகிறேன் என்று ஒருவர் சொன்னால் உடனே வாசலைப் பார்க்காதீர்கள், அவர் வர நேரமாகும். நமக்கு அதே சொல் 'இப்போதுதான்'. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலையில் உள்ள பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த வகுப்புக்கு வருமுன் இந்த மூன்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்: அம்மாவுக்குக் காலையில் பத்து நிமிடம் தலைசுற்றியது. நான் அந்தக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். சற்று இருங்கள், சில நிமிடங்களில் வந்துவிடுகிறேன்.