பழுது பார்த்த பின் மோட்டார் சைக்கிளில் இழுவை குறைகிறதா?

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டியாயிற்று. பெட்ரோல் டியூபும் புதிதாகப் போட்டாயிற்று. உதைத்தவுடன் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. நின்ற இடத்தில் சீராகவும் ஓடுகிறது. ஆனால் இருபுறமும் பால் கேன்களைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறினால் இழுவை இல்லை. முறுக்க முறுக்கத் திணறுகிறது. சொசைட்டியில் பால் அளக்கும் நேரமும் தவறிப் போகிறது.

இந்த நிலையில் 'போர் தேய்ந்துவிட்டது' என்று எஞ்சினையே பிரித்துவிடுகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். பழுது பார்ப்பதற்கு முதல் நாள் வரை நன்றாக இழுத்த எஞ்சின் ஒரே இரவில் தேய்ந்துவிடாது. கடைசியாகக் கை பட்ட இடத்திலேயே குறையைத் தேட வேண்டும். அதற்கு ஒரு வரிசை உண்டு. 2020ஆம் ஆண்டுக்கு முன் வந்த, கார்புரேட்டர் உள்ள நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு அந்த வரிசையை இங்கே காண்போம்.

இழுவை குறைவதன் காரணம்

ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய, எடையில் சுமார் 15 பங்கு காற்று தேவை. பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திணறும். அளவுக்கு மேல் சூடேறும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும், மைலேஜ் குறையும். இரண்டிலும் இழுவை குறையும் என்றாலும், ஆபத்து அதிகம் முதல் வகையில்தான். பெட்ரோல் போதாமல் பாரம் ஏற்றித் தொடர்ந்து ஓட்டினால் பிஸ்டன் சூட்டில் சேதமடையும். சில ரூபாயில் தீர வேண்டிய பழுது எஞ்சின் வேலையில் போய் நிற்கும். ஆகவே 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விடக்கூடாது.

ஸ்பேனர் எடுக்கும் முன்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவே இழுவையைத் தின்றுவிடும். ஓட்டும்போது எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். சோக் லீவர் முழுதும் விடுபட்டிருக்கிறதா, பிளக் கேப் அழுந்தப் பொருந்தியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கேபிளைத் திரும்ப மாட்டும்போது தவறியிருந்தால், பிடியை முழுதும் முறுக்கினாலும் கார்புரேட்டர் பாதிதான் திறக்கும்.

ஏர் பில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது சிலர் வழக்கம். இது தவறு. காற்று அதிகம் புகுந்து கலவை கெடும். களத்துத் தூசியும் மண் சாலைப் புழுதியும் நேரே சிலிண்டருக்குள் போய் உண்மையிலேயே போரைத் தேய்த்துவிடும்.

பெட்ரோல் தடையின்றி வருகிறதா?

நின்ற இடத்தில் ஓட மிகக் கொஞ்சம் பெட்ரோல் போதும். மேடேறும்போது அதைப்போல் பல மடங்கு வேண்டும். அதனால்தான் டியூபில் பாதி அடைப்பு இருந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகி நம்மை ஏமாற்றுகிறது.

எஞ்சின் ஆறியபின், திறந்த வெளியில், வைக்கோல் போருக்கு எட்ட நின்று இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பீடி, சிகரெட், விளக்கு அருகில் வரவே கூடாது. கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டாங்கின் டேப்பைத் திறவுங்கள். பெட்ரோல் விடாத தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் சல்லடையிலோ, டியூபிலோ, இடையில் மாட்டிய சிறு பில்டரிலோ அடைப்பு உண்டு.

டாங்கை அதன் இடத்தில் பூட்டிய நிலையிலேயே இதைச் செய்வது முக்கியம். புது டியூப் சற்று நீளமாக வெட்டப்பட்டிருந்தால், டாங்கை இறக்கியதும் அடியில் மடங்கி நசுங்கும். டாங்கைத் தூக்கினால் மடிப்பு நிமிர்ந்து பெட்ரோல் தாராளமாக வரும். குறை கண்ணில் படாமலே போகும். அளவாக வெட்டி, வளைவு விரிவாக இருக்கும்படி மாட்டினால் தீர்ந்தது.

தாரை முதலில் நன்றாக வந்து, போகப்போக மெலிந்தால் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, தாரையும் பெருத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. சில கி.மீ. ஓடியபின் நின்று, சற்று நேரம் கழித்துத் தானே ஸ்டார்ட் ஆகும் வண்டிகளில் இந்தத் துளையை முதலில் பார்க்க வேண்டும்.

பிளக்கின் நிறம்

பாரத்தோடு ஒரு கி.மீ. தூரம் நன்றாக முறுக்கி ஓட்டுங்கள். போக்குவரத்து இல்லாத இடத்தில் எஞ்சினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். சூடு ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறமானால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்தால்தான் எஞ்சின் தேய்மானத்தை ஐயப்பட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வண்டி திணறும் நேரத்தில் சோக்கைச் சற்றே இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் பெட்ரோல் குறைவு. மேலும் அமுங்கினால் பெட்ரோல் மிகுதி.

எவ்வளவு முறுக்கினால் திணறுகிறது?

பிடியில் சாக்கட்டியால் கால், அரை, முக்கால் என்று கோடிட்டுக்கொண்டு ஓட்டுங்கள். முறுக்காத நிலையிலும் முறுக்கத் தொடங்கும்போதும் திணறினால் சிறு ஜெட்டையும் காற்றுத் திருகையும் பார்க்க வேண்டும். காலிலிருந்து முக்கால் வரை ஊசியின் வேலை. முக்காலுக்கு மேல் பெரிய ஜெட்டின் வேலை. இதைக் குறித்து வைத்துக்கொண்டால் மெக்கானிக்கிடம் 'வண்டி இழுக்கவில்லை' என்று பொதுவாகச் சொல்லாமல், எங்கே பார்க்க வேண்டும் என்றே சொல்லலாம்.

கார்புரேட்டரைத் திரும்பத் திறந்தால்

ஜெட்டின் துளையைக் கம்பியாலோ ஊசியாலோ குத்தக்கூடாது. துளை பெருத்தால் கலவை நிரந்தரமாகக் கெடும். பெட்ரோலில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். புது ஜெட் போட்டிருந்தால் அதன் எண் பழையதன் எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊசியின் தலையில் பல வரிகள் இருந்தால், கிளிப்பை ஒரு வரி மேலே மாற்றுவது ஊசியை இறக்கிப் பெட்ரோலைக் குறைக்கும். கீழே மாற்றுவது கூட்டும். மிதவை வளைந்து மட்டம் தாழ்ந்திருந்தால் கிண்ணத்தில் பெட்ரோல் தேங்காது. முழுதும் முறுக்கும்போது வறண்டுவிடும்.

மேல் மூடிக்குள் மெல்லிய ரப்பர் சவ்வு உள்ள வாக்குவம் கார்புரேட்டரானால், சவ்வு கிழிந்திருக்கிறதா, மூடியின் விளிம்பில் மடிந்து சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். சவ்வு கெட்டாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், நின்ற இடத்தில் ஓடும். இழுவை மட்டும் இருக்காது.

கார்புரேட்டரும் எஞ்சினும் சேரும் இடத்தில் ஓ-ரிங் நழுவினாலோ ரப்பர் வெடித்தாலோ வெளிக்காற்று புகும். ஓடும் எஞ்சினில் அந்த இணைப்பின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலைத் தெளிப்பவர்கள் உண்டு, தீப்பிடிக்கும், வேண்டாம்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

2025ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு நாடெங்கும் எட்டப்பட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை உப்பச் செய்யும். டாங்கின் அடியில் படிந்த அழுக்கையும் இளக்கிக் கொண்டுவரும். ஆகவே வண்டியைப் பல வாரம் பெட்ரோலோடு நிறுத்தி வைக்க வேண்டாம். ஐயமிருந்தால் கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்திப் பெட்ரோலைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். அடியில் தனியாகத் தண்ணீர் நின்றால் டாங்கையே காலி செய்து கழுவ வேண்டும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் விற்பனையான வண்டிகளில் பெரும்பாலும் பியூயல் இஞ்செக்ஷன் முறை உள்ளது. அவற்றின் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். மேலே சொன்ன பாட்டில் சோதனையைச் செய்யக்கூடாது. சாவியைத் திருப்பியதும் டாங்குக்குள் பம்ப் சில நொடி முனகுகிறதா, எஞ்சின் விளக்கு அணையாமல் நிற்கிறதா என்று மட்டும் கவனித்து, பயிற்சி பெற்றவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நினைவில் கொள்க

டாங்க் மூடியில் தொடங்கிப் பிளக் வரை வரிசை தவறாமல் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் செய்து, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். காற்றுத் திருகைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே இறக்கி எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் சரியாக இருந்து, இழுவை அப்போதும் திரும்பவில்லையென்றால் மட்டும் கம்ப்ரஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சினைப் பிரிப்பது கடைசி வேலை.