அலகு 9: தேய்ந்த மரையும் விசையின் திருப்பமும்



விசையின் திரும்பல் விளைவு என்னும் பாடத்தை உங்களுள் பலர் சூத்திரமாக மட்டுமே மனனம் செய்கின்றீர்கள். ஆனால் பரீட்சையில் அன்றாட வாழ்வோடு தொடர்புபட்ட ஒரு வினா வந்துவிட்டால் தடுமாறிப் போகின்றீர்கள். எனவே இவ்வலகில் ஒரு பழைய காரின் அடியில் உள்ள சிறிய ஆணி ஒன்றைக் கொண்டே அப்பாடத்தைக் கற்போம்.

இதை எழுதும் நான் ஒரு கலைப் பட்டதாரி. எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். தவறு செய்து கற்றுக்கொண்டதால் தெரியும்.

1. ஒரு சம்பவம்

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் பாவித்த ஜப்பானியக் கார்கள் பெருமளவில் இலங்கைக்கு வந்தன. அத்தகைய பழைய கார் ஒன்றை என் அண்ணன் தலவாக்கலையில் வாடகைக்கு ஓட்டி வந்தார். ஒரு முறை அதற்கு எண்ணெய் மாற்றும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். வேலை முடிந்தும் அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் கசிந்தது. "இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும்" என்று எண்ணி, ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி முழுப் பலத்துடன் திருப்பினேன். ஆணி திடீரென இலேசாகிச் சுற்றிக்கொண்டே இருந்தது. சொன்னால் அண்ணன் ஏசுவார் என்று அதை மறைத்துவிட்டேன்.

இரண்டு வாரங்களின் பின், பிரசவ வலியோடிருந்த ஓர் அக்காவைத் தோட்டத்து லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றபோது, அந்த ஆணி வழியில் கழன்று விழுந்தது. எண்ணெய் விளக்கு எரிந்த கணமே அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் பிழைத்தது. பின்னால் வந்த ஆட்டோ ஒன்றில் அந்த அக்காவை அனுப்பினார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆயினும் இருட்டில் அவர்கள் வீதியோரம் காத்து நின்ற நேரத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை.

2. பிழை எங்கே?

எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு "சம்ப்" எனப்படும். சிறிய கார்களில் சுமார் 3 முதல் 4 லீற்றர் எண்ணெய் இதில் இருக்கும். பழைய எண்ணெயை வடிப்பதற்காக அதன் அடியில் உள்ள ஆணியைக் கராஜ்களில் "சம்ப் நட்" என்பர். ஆணியின் தலைக்கும் சம்புக்கும் இடையே செம்பு அல்லது அலுமினியத்தாலான மெல்லிய வாஷர் ஒன்று இருக்கும்.

இவற்றின் தொழில்கள் வேறுபட்டவை. ஆணியின் மரை பிடித்து வைத்திருக்கின்றது. மென்மையான வாஷர் நசிந்து கசிவை அடைக்கின்றது. ஒருமுறை நசிந்த வாஷரையே மீண்டும் போட்டால் அது சரியாகப் பொருந்தாது, எண்ணெய் கசியும். எங்கள் காரில் கசிந்தது பழைய வாஷரினால். நான் தண்டித்ததோ மரையை. சில ரூபாய் பெறுமதியான புது வாஷர் ஒன்று போதுமாயிருந்தது.

மேலும் ஆணி உருக்கினாலானது. பல கார்களில் சம்ப் அலுமினியத்தாலானது. அலுமினியம் மென்மையானது. ஆகவே அளவுக்கு மீறி இறுக்கும்போது முதலில் அழிவது சம்பின் மரையே.

3. கணித்துப் பார்ப்போம்

விசையின் திருப்பம் = விசை × சுழற்சி அச்சிலிருந்து விசையின் தாக்கக் கோட்டுக்கான செங்குத்துத் தூரம்

20 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பேனரின் நுனியில் 175 நியூற்றன் விசையைச் செங்குத்தாகப் பிரயோகித்தால்,
175 × 0.2 = 35 நியூற்றன் மீற்றர்.

பல பழைய டொயோட்டா, நிசான் கார்களின் சம்ப் ஆணிக்கு 30 முதல் 40 நியூற்றன் மீற்றர் வரை போதுமானது. ஆகவே இது சரியான இறுக்கம். இனிக் குழாயைச் செருகி நீளத்தை 60 சென்ரிமீற்றர் ஆக்குவோம். கையின் விசை அதுவே.
175 × 0.6 = 105 நியூற்றன் மீற்றர்.

கை அதே அளவு பலத்தையே உணரும். மரையோ மூன்று மடங்கைத் தாங்க வேண்டியிருக்கும். எனவேதான் "பலம் போட்டு இறுக்கவில்லையே" என்று கூறுபவர்களும் மரையை அழித்துவிடுகின்றனர்.

4. மரை ஒரு சாய்தளம்

மலைப்பாதை நேரே ஏறாமல் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுவதைத் தினமும் காண்கின்றீர்கள். மரையும் ஓர் உருளையைச் சுற்றி ஏறும் பாதையே. மேற்கூறிய கார்களில் பொதுவாக உள்ள ஆணி 12 மில்லிமீற்றர் விட்டமும் 1.25 மில்லிமீற்றர் புரியிடைத் தூரமும் கொண்டது. ஒரு சுற்றில் பாதையின் நீளம் 3.14 × 12 = ஏறத்தாழ 37.7 மில்லிமீற்றர். ஏற்றம் 1.25 மில்லிமீற்றர். அதாவது 30 இற்கு 1 என்ற சாய்வு. நமது மலையக ரயில்பாதையின் கடும் ஏற்றம் 44 இற்கு 1 ஆகும்.

ஸ்பேனரையும் சேர்த்தால், ஒரு சுற்றில் கை செல்லும் தூரம் 2 × 3.14 × 200 = 1256 மில்லிமீற்றர். ஆணி முன்னேறும் தூரம் 1.25 மில்லிமீற்றர். வேக விகிதம் 1000 இற்கும் சற்று அதிகம். உராய்வினால் பொறிமுறை நயம் இதிலும் மிகக் குறைவாகவே இருக்கும். எனினும் ஒரு சிறிய ஆணி எவ்வளவு பெரிய விசையை உருவாக்குகின்றது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

5. திருத்தும் முறை

அண்ணன் காரைக் கராஜுக்கு இழுத்துச் சென்றார். அங்கே பாஸ் சொன்ன முதல் வார்த்தை: "சின்ன வேலையிலிருந்து தொடங்குவோம்." அந்த ஒழுங்கை மனதிற் கொள்க.

அ. ஆராய்தல். ஆணியை வெளிச்சத்திற் பாருங்கள். அதன் மரையில் வெள்ளி நிறத் துகள்கள் சிக்கியிருந்தால் அவை சம்பின் அலுமினியம். ஆணியின் மரை மட்டும் தேய்ந்திருந்தால் அதே அளவுள்ள புது ஆணியும் புது வாஷரும் போதும்.

ஆ. மரையைச் சுத்தம் செய்தல். சம்பின் மரை சிறிதளவே பழுதாகியிருந்தால் அதே அளவுள்ள "டப்" எனும் மரை வெட்டும் கருவியைக் கையால் மெதுவாகச் செலுத்துவர். துகள்கள் உள்ளே விழாதிருக்க அதன் பள்ளங்களில் கிரீஸ் பூசப்படும்.

இ. சுருட் செருகி. மரை முற்றாக அழிந்திருந்தால் துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புதிய மரை வெட்டி, அதனுள் உருக்குக் கம்பிச் சுருள் ஒன்றைச் செலுத்துவர். சுருளின் உட்புறம் பழைய அளவிலேயே இருப்பதால் பழைய அளவு ஆணியே பொருந்தும். உருக்கு மரை அலுமினிய மரையிலும் உறுதியானது. எங்கள் கார் இம்முறையிலேயே திருத்தப்பட்டது.

ஈ. பெரிய ஆணி. துளையைச் சுற்றியுள்ள உலோகம் தடிப்பாக இருந்தால் 14 மில்லிமீற்றர் மரை வெட்டிப் பெரிய ஆணி போடலாம். தானே மரை வெட்டிச் செல்லும் ஆணிகளும் கடைகளில் உண்டு. அவை சரிந்து ஏறக்கூடியவை. ஆகவே அவற்றை இறுதி வழியாகவே கொள்க.

உ. சம்பை மாற்றுதல். இரும்புத் தகட்டுச் சம்ப் எனின், அதைக் கழற்றி எண்ணெய் முழுவதையும் கழுவிய பின்னரே ஒட்டு வேலை செய்வர். எண்ணெய் தீப்பற்றும் என்பதே காரணம். சம்ப் வெடித்திருந்தால் வேறொன்று போடவேண்டும். பழைய கார்களின் பாகங்களுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தை பெயர்பெற்ற இடம்.

மரையில் நாடா சுற்றுவதும் பசை பூசுவதும் திருத்தமாகா. அவை பிழையை மறைக்குமேயன்றி ஆணியைத் தாங்கமாட்டா.

6. பூட்டும்போது

● முதற் சில சுற்றுகளை விரல்களாலேயே திருப்புக. விரலுக்கு இசையாவிடின் மரை மாறி ஏறுகின்றது என்பதே பொருள். கழற்றி மீண்டும் தொடங்குக.
● புது வாஷர் போடுக. குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்குக.
● எண்ணெய் ஊற்றி எஞ்சினை இயக்கி, எண்ணெய் விளக்கு அணைகின்றதா, கசிவு உண்டா எனப் பார்க்க. பின்னர் நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து மட்டத்தை அளக்க. சரிவில் நிறுத்தினால் அளவு பிழைக்கும். எங்கள் ஊரில் சமதரை தேடுவதும் ஒரு வேலைதான்!

கவனத்திற்கு: ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் காரின் அடியிற் செல்லாதீர்கள். உறுதியான தாங்கிகள் அவசியம். கொதிக்கும் எண்ணெய் கையைச் சுடும். ஆகவே எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வடிக்க வேண்டும். பெரியவர் ஒருவரின்றி இவ்வேலையில் இறங்க வேண்டாம்.

உங்களுக்குத் தெரியுமா? தலவாக்கலையின் கானில் ஊற்றும் எண்ணெய் கொத்மலை ஓயாவைச் சேரும். அவ்வாற்றை மறித்தே 2012 இல் திறக்கப்பட்ட 150 மெகாவாற்று மேல் கொத்மலை மின்திட்டத்தின் அணை நம் நகரில் அமைந்துள்ளது. அங்கிருந்து நீர் மகாவலிக்குச் செல்கின்றது. எண்ணெயின் அடர்த்தி நீரிலும் குறைவு. ஆகையால் அது மேலே படலமாகப் பரவி, வளியிலுள்ள ஒட்சிசன் நீரிற் கரைவதைத் தடுக்கும். பழைய எண்ணெயைக் கலனில் சேகரித்துச் சேவை நிலையத்தில் ஒப்படைக்க.

7. மாதிரி வினாக்கள்

(1) 40 நியூற்றன் மீற்றர் திருப்பம் பெற, 25 சென்ரிமீற்றர் நீளமான ஸ்பேனரின் நுனியில் செங்குத்தாகப் பிரயோகிக்க வேண்டிய விசை யாது?
விடை: 40 ÷ 0.25 = 160 நியூற்றன்.

(2) ஸ்பேனரின் நடுவிற் பிடித்துத் திருப்புவது ஏன் கடினம்?
விடை: செங்குத்துத் தூரம் அரைவாசியாகின்றது. அதே திருப்பத்தைப் பெற இரு மடங்கு விசை தேவை.

(3) எண்ணெய் விளக்கு எரிந்ததும் எஞ்சினை ஏன் உடனே நிறுத்த வேண்டும்?
விடை: எண்ணெய்ப் படலம் இன்றி உலோகம் உலோகத்தோடு உராயும். வெப்பம் மிகுந்து பாகங்கள் இறுகிவிடும்.

மாணவர்களே, சாதாரண தரத்தின் பின் மோட்டார் வாகனத் தொழிலைக் கற்க விரும்புவோர் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகளை விசாரித்துப் பாருங்கள். இது "படிப்பு ஏறாதவன்" செய்யும் வேலை என்று யாரேனும் சொன்னால், மூன்றாம் பகுதியிலுள்ள கணக்கை அவரிடம் செய்து காட்டுங்கள்.

நினைவிற் கொள்க: மரை போனதைச் சொன்னால் அரை நாள் வேலை. சொல்லாமல் விட்டதால்தான் ஒரு தாய் நடுவழியில் நிற்க நேர்ந்தது. விடைத்தாளில் ஒரு படி பிழைத்தால், அதை மறைத்து அடுத்த படிக்குச் செல்லாதீர்கள். வெட்டிவிட்டு மீண்டும் எழுதுங்கள்.