குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் எழுதலாமா?

தனி ஊசல் சோதனையை நீங்கள் எல்லோரும் செய்திருப்பீர்கள். ஏறத்தாழ 81 சென்டிமீட்டர் நீளமுள்ள ஊசலை ஆடவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறிக்கிறோம். 36.2 விநாடி, 36.3, 36.1 என்று வந்துகொண்டிருக்கையில், ஒரு முறை மட்டும் 34.4 என்று வருகிறது. என்ன செய்வீர்கள்? பெரும்பாலான மாணவர்கள் ரப்பரைத் தேடுவார்கள்.

அழிக்கும் முன் சற்று எண்ணிப் பாருங்கள். 36.2க்கும் 34.4க்கும் உள்ள வேறுபாடு 1.8 விநாடி. இந்த ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரமும் அதுவே. நிறுத்துக் கடிகாரத்தை அமுக்கும்போது ‘பூஜ்யம்’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று எண்ணிவிட்டோம். 19 அலைவுகளை 20 என்று கொண்டுவிட்டோம்! இப்போது அந்த எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதலாம். மறுபடி அளக்கலாம். காரணம் புலப்படாவிட்டால் அந்த எண் அப்படியே இருக்க வேண்டியதுதான். மேலும் சில அளவீடுகளை எடுக்கலாம். பிடிக்கவில்லை என்பதற்காக ஓர் எண்ணை நீக்க ஆய்வுக்கூடத்தில் எவருக்கும் உரிமை இல்லை.

மதிப்பெண்ணும் ஓர் அளவீடே. ஒரு நாளில், மூன்று மணி நேரத்தில், சில கேள்விகளுக்கு ஒருவர் எழுதிய விடைகளின் அளவீடு. அதிலும் பிழை புகும். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் ஆண்டுதோறும் மாணவர்கள் கேட்கும் கேள்வி இது: “மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல மதிப்பெண், ஒன்றில் மட்டும் சரிந்துவிட்டது. கல்லூரி விண்ணப்பத்தில் காரணம் எழுதலாமா, பேசாமல் விட்டுவிடலாமா?”

முதலில், எழுத இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்தத் தொல்லையே இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மாற்றிக் கூட்டி, 200க்கு இவ்வளவு என்று தரவரிசை போடுகிறார்கள். உங்களுக்குத் தேர்வன்று காய்ச்சல் அடித்ததா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. ஈவிரக்கமற்றதுதான்; ஆனால் சிபாரிசுக்கும் சாமர்த்தியமான சொல்லுக்கும் அங்கே மயங்குவார் இல்லை என்பதும் உண்மை. விண்ணப்பக் கட்டுரை கேட்கும் கல்லூரிகளிலும், நேர்முகம் நடத்தும் நிறுவனங்களிலும், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும்தான் இந்தக் கேள்வி உயிர் பெறுகிறது. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவாக உள்ள விண்ணப்பத்தில், படிப்பைப் பாதித்த சூழ்நிலைகளைச் சொல்வதற்கென்றே தனி இடம் இருக்கிறது.

இந்த இக்கட்டில் அகப்பட்டவர்களில் நமக்கு நன்கு தெரிந்த ஒருவர், நூறாண்டுகளுக்கு முன் திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். கணித மேதை சீனிவாச இராமானுஜன்தான் அவர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்தத் தொகையை இழந்தார். 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். நோயுற்று ஊர் திரும்பினார். 1907இல் தனியாக எஃப்.ஏ. தேர்வு எழுதியும் தேறவில்லை. கணிதத்தில் சிறந்து விளங்கியவருக்கு உடலியல் பாடம் எட்டிக்காயாகக் கசந்தது.

1912 பிப்ரவரி 9 அன்று அவர் சென்னைத் துறைமுக அலுவலகத்துக்குக் குமாஸ்தா வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். அது இன்றும் கிடைக்கிறது. சில வரிகள்தாம். மெட்ரிகுலேஷன் தேறியதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், பாதகமான சில சூழ்நிலைகளால் மேலே படிக்க முடியாமல் போனதாகவும் சொல்கிறார். அடுத்த வரியிலேயே, தம் நேரம் முழுவதையும் கணிதத்துக்குச் செலவிட்டு வருவதாகச் சொல்லிவிடுகிறார். புலம்பல் இல்லை, எந்த ஆசிரியர் மீதும் குறை இல்லை.

ஆனால் அந்த ஒரு வரியை ஆய்வுக்கூடக் கண்ணோடு பாருங்கள். ‘பாதகமான சூழ்நிலை’ என்பது 1906இல் வந்த நோய்க்குப் பொருந்தும். அது ஊசலை ஒரு முறை தவறாக எண்ணியது போன்ற தற்செயற்பிழை. 1904இல் நேர்ந்ததற்கு அது பொருந்துமா? மீண்டும் மீண்டும் ஒரே பக்கமாகச் சாய்கின்ற அளவீட்டை முறைப்பிழை என்கிறோம். அளவுகோலே பொருந்தவில்லை என்று அதற்குப் பொருள். எஃப்.ஏ. தேர்வு என்ற அளவுகோல் இராமானுஜனுக்குப் பொருந்தவில்லை. இதை அவர் எழுதவில்லை. தேறவில்லை என்பதையும் நேராகச் சொல்லாமல், ‘வரை படித்தேன்’ என்று தாண்டிப் போகிறார். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. வேலையின்றித் தவித்தவரை நான் குறை கூற மாட்டேன். இன்றைய மாணவர் இதைப் பின்பற்றினால் செல்லாது. மதிப்பெண் பட்டியல் விண்ணப்பத்தோடு கூடவே போகிறது.

ஆகவே பட்டியல் தானே சொல்லாத செய்தி ஏதேனும் உண்டா என்பதே கேள்வி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நமக்கு இது தெரியும். பாஸ்டனில் அமர்ந்து விண்ணப்பம் படிப்பவருக்கு எப்படித் தெரியும்? “புயல் வெள்ளத்தில் எங்கள் வீட்டின் தரைத்தளம் மூழ்கியது; அடுத்து வந்த அரையாண்டுத் தேர்வில் வேதியியலில் 52 பெற்றேன்; ஆண்டுத் தேர்வில் 84” என்று ஒருவர் எழுதினால் அதில் நாள் இருக்கிறது, காரணம் இருக்கிறது, மறு அளவீடும் இருக்கிறது. சரிபார்க்கவும் முடியும். மாறாக, “என் திறமையை இந்த மதிப்பெண் காட்டவில்லை” என்பது ரப்பரால் அழிப்பதற்குச் சமம். “கேள்வித்தாள் கடினம்” என்பதும் உதவாது. அதே தாளைப் பக்கத்து நாற்காலிக்காரரும் எழுதியிருக்கிறார்.

89 எடுத்தவர் 92 வராததற்கு விளக்கம் எழுதுவதும் உண்டு. அது அளவீட்டின் சாதாரண ஏற்ற இறக்கம். அதைச் சுட்டிக்காட்டினால்தான் படிப்பவர் கவனிப்பார். சோம்பலால் படிக்கவில்லை என்றால் கதை கட்ட வேண்டாம். மருத்துவச் சான்றிதழ் வாங்குவது எவ்வளவு எளிது என்பது விண்ணப்பம் படிப்பவர்களுக்கும் தெரியும். வீட்டில் நேர்ந்த துக்கத்தையோ நோயையோ விவரமாக எழுத விருப்பமில்லையா? “குடும்பத்தில் கடுமையான உடல்நலக் குறைவு” என்ற அளவில் நிறுத்திக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

காரணத்தை நீங்களே சொல்வதைவிட உங்கள் ஆசிரியர் தமது கடிதத்தில் சொன்னால் எடை கூடும். தலைமையாசிரியர் கடிதத்தை மாணவரே எழுதிவந்து கையெழுத்து மட்டும் வாங்குகிற நம் ஊர் வழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது. இரு கடிதங்களும் ஒரே குரலில் பேசும். இராமானுஜன் தம் விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் நற்சான்றை இணைத்திருந்தார். எண்களில் அவருக்கிருந்த அசாதாரணத் திறமையை அது கூறியது. மார்ச் 1 அன்று மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது.

அடுத்த ஆண்டு ஜனவரி 16 அன்று கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதியபோதோ, தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஏன் இல்லை என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. மாறாக, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்தார்! ஒரு புள்ளி விலகியிருக்கிறது என்று வாதிடுவதைவிட நூறு புது அளவீடுகளைக் கொடுப்பது மேல் அல்லவா? இதனால் எல்லாக் கதவும் திறந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். ஹார்டிக்கு முன் வேறு இரு கேம்பிரிட்ஜ் அறிஞர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

அதே 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுக அலுவலகத்துக்கு வந்து இராமானுஜனின் குறிப்புகளைப் பார்த்தார். மறுநாளே சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது அப்போதைய விதி. இராமானுஜன் எஃப்.ஏ.கூடத் தேறாதவர். ஏப்ரல் மாதம் கூடிய ஆட்சிக்குழு விதிவிலக்குக்கு வழி கண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்க முடிவு செய்தது. பழைய தோல்விக்கு விளக்கம் கேட்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆராய்ச்சி அறிக்கை தரவேண்டும் என்றது. 1914 மார்ச் 17 அன்று இங்கிலாந்துக்குக் கப்பலேறும் முன் அவர் மூன்று அறிக்கைகளைக் கொடுத்திருந்தார்.