முகப்படம் எடுப்போம்

பால்மரம் வெட்டி எங்களை ஆளாக்கிய அன்னையாருக்கு நெடுங்காலம் இருந்த ஒரே படம், அடையாள அட்டையில் உள்ளதே. பல இல்லங்களில் பெரியோர் மறைந்த பின்னரே அச்சிறு படத்தைப் பெரிதாக்கி மாலையிடுகின்றனர். அந்நிலை எங்கள் இல்லத்தில் நேரக்கூடாதென எண்ணி, 85 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை வாங்கி வீட்டிலேயே பழகினோம்.

அகன்ற கோண லென்ஸைக் கொண்டு மிக அருகிலிருந்து எடுத்தால் மூக்குப் பெருத்தும் காதுகள் சிறுத்தும் தோன்றும். அதற்குக் காரணம் நெருங்கிய தூரமே. 85 மில்லிமீட்டர் லென்ஸாயின் ஏறக்குறைய 1.5 மீட்டர் தள்ளி நின்றாலும் தலையும் தோளும் படத்தில் நிறையும். முகம் இயல்பாக அமையும்.

முதலில் லென்ஸின் துளையை 1.8 என்னும் எண்ணில் முழுதும் திறந்தோம். அன்னையாரின் கண்கள் தெளிவாக விழுந்தன. அவர் தோளுக்குப் பின்னே நின்ற பேத்தியின் முகமோ மங்கிற்று. அவ்வெண்ணில் சில சென்டிமீட்டர் ஆழமே தெளிவுறும். எண் கூடினால் துளை சுருங்கும்; தெளிவின் ஆழம் பெருகும். ஆகவே எண்ணை 4 ஆக்கி, இருவரையும் சன்னலோரம் அருகருகே அமர்த்தினோம். வெயில் நேரே படாத மென்னொளி பக்கவாட்டில் விழுந்தது. பேத்தி ஏதோ சொல்ல, அன்னையார் சிரித்தார். அக்கணமே பொத்தானை அழுத்தினோம்.

அன்பர்களே! கைத்தொலைபேசி உள்ளோரும் இதனைச் செய்யலாம். கருவியை முகத்தருகே நீட்டாது, 1.5 மீட்டர் தள்ளி நின்று எடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். அப்படத்தை அச்சிட்டு, மூத்தோர் கையிலேயே கொடுங்கள். தம் படத்தைத் தாமே பார்த்து மகிழும் பேறு அவர்களுக்குக் கிட்டட்டும்.