காய்ச்சாத பாலின் நேர் விற்பனையும் சிறு பண்ணைகளும்

நெல்லையும் கடலையையும் விலை ஏறும் வரையில் குதிரிலோ கிடங்கிலோ போட்டு வைக்கலாம். பாலை அவ்விதம் வைத்திருக்க இயலாது. ஆகவே பால் உற்பத்தி செய்பவன், வாங்குபவன் சொன்ன விலைக்கே கொடுத்துவிட வேண்டியவனாகிறான். இச்சங்கடத்தினின்றும் இங்கிலாந்திலுள்ள சிறு பண்ணைக்காரர் சிலர் தப்பிய வழியையும், அவ்வழியிலுள்ள அபாயத்தையும் நம் மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் நலம்.

அந்நாட்டில் 1933-ம் வருஷத்தில் சட்டப்படி ஏற்பட்ட பால் விற்பனைச் சபை, பெரிய பண்ணை, சிறு பண்ணை என்று பாராமல் பாலை வாங்கி வந்தது. 1994-ம் வருஷத்தில் அம்முறை நீங்கியது. 2015, 2016-ம் வருஷங்களில் பண்ணைக்குக் கிடைத்த விலை லிட்டருக்கு 25 பென்ஸுக்குக் கீழும் இறங்கியது. தீவனத்துக்கும் கூலிக்கும் கட்டாத விலை அது. காய்ச்சாத பாலைப் பண்ணை வாயிலிலேயே புட்டிகளில் விற்றவர்களுக்கோ, லிட்டருக்கு ஒரு பவுனும், அதாவது 100 பென்ஸும், அதற்கு மேலும் கிடைத்தது.

கணக்கிட்டுப் பார்ப்போம். 40 பசுக்கள், பசு ஒன்றுக்கு வருஷத்தில் 8,000 லிட்டர், ஆக 3,20,000 லிட்டர். எல்லாவற்றையும் 25 பென்ஸுக்குக் கொடுத்தால் வரவு 80,000 பவுன். பத்திலொரு பங்கை மட்டும் ஒரு பவுன் வீதம் நேரில் விற்று, மீதியைப் பழைய விலைக்கே கொடுத்தால் வரவு 1,04,000 பவுன். புட்டி, ஆள், பரிசோதனை ஆகிய செலவுகளை இதில் கழிக்க வேண்டும். கழித்தாலும், மூடவேண்டிய பண்ணை மூடாமல் நிற்பதற்கு இவ்வித்தியாசம் போதுமானதாகலாம்.

ஆனால் இவ்வியாபாரத்துக்குச் சட்டத்தின் கட்டு மிகுதி. ஸ்காட்லாந்தில் 1983-ம் வருஷத்திலேயே காய்ச்சாத பசும்பால் விற்பனை தடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் உற்பத்தியாளனே நேரில் விற்கலாம், கடைக்காரர் விற்கலாகாது. மந்தை க்ஷயரோகமும் கன்று வீச்சு நோயாகிய புருஸெல்லோஸிஸும் அற்றதாயிருத்தல் வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பாலில் கிருமிகள் 20,000-க்கு மேற்படலாகாது. அசுத்தத்தைக் காட்டும் கோலிபார்ம் கிருமிகள் 100-க்குள் இருக்கவேண்டும். இப்பால் சூடேற்றப்படாதது, தீங்கு விளைக்கும் கிருமிகள் இருக்கக்கூடும் என்று புட்டியின்மேல் எச்சரிக்கையும் அச்சிட வேண்டும்.

இக்கட்டுகள் வீண் தொந்தரவல்ல. இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில் மாட்டுக் க்ஷயரோகம் இன்னும் ஒழியவில்லை. ஒரு மாட்டுக்கு அது பரிசோதனையில் தென்பட்டால், மந்தை முழுவதன் காய்ச்சாத பால் விற்பனையும் உடனே நின்றுவிடும். மற்ற மாடுகளின் பாலைச் சூடேற்றிய பின்னரே விற்கலாம். சூடேற்றும் சாதனமோ, வாங்கிக்கொள்ளும் கம்பெனியோ இல்லாதவன் அன்று என் செய்வான்? முழுப் பாலையும் நேர் விற்பனைக்கே விடாமல், ஒரு பங்கையேனும் நிலையான வாடிக்கையில் வைத்திருப்பவனே புத்திசாலி என்பது எமது அபிப்பிராயம்.

நம் நாட்டிலும் வீட்டுக்கு வீடு ஊற்றப்படுவது காய்ச்சாத பாலே. வாங்குவோர் காய்ச்சிக் குடிப்பதால் அபாயம் பெரிதும் குறைகிறது. கறந்த சூட்டிலேயே நுரைப்பால் குடிப்பது பலம் தரும் என்று சிலர் குழந்தைகளுக்குக் கொடுப்பதுண்டு. அதை அறவே விட்டுவிடவேண்டும். காய்ச்சும்போது பால் திரிந்தால் வாடிக்கை போய்விடும். மடியைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்து, உலர்ந்த கையால் கறக்கவேண்டும். ஒவ்வொரு காம்பிலும் முதற்பீச்சுகளைத் தனிக்கிண்ணத்தில் கறந்து, கட்டியோ இரத்தமோ காணின் அப்பாலைச் சேர்க்கலாகாது. அது மடிநோயின் குறி. கறந்த பாத்திரத்தை மூடிக் குளிர்ந்த நீரில் வைக்கவேண்டும். மாலைப் பாலைக் காலைப் பாலோடு கலப்பது கூடாது.

சினைப்பசு கன்று வீசினால், கையுறையின்றி நஞ்சுக்கொடியைத் தொடாமல், கால்நடை வைத்தியருக்கு அறிவிக்கவேண்டும். அந்நோய் கறப்பவனையும் பற்றும். பெண் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதங்களுக்குள் இதற்கான தடுப்பூசி போடப்படுகிறது. ஊரில் அவ்வயதுக் கன்றுகள் எவ்வளவு என்று கிராம அதிகாரிகள் ஜாபிதா எழுதி வைத்திருந்தால், வைத்தியர் வரும் நாளில் எந்த வீடும் விட்டுப்போகாது.