மைக்ரோவேவ் அடுப்பில் 'போர்டு' பழுதா? கண்டறியும் முறை

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்யவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தால், மூடியைக் கழற்றுவதற்கு முன்பே "போர்டு கராப் ஹை, சாப்" என்று சொல்லிவிடுகிறார். கேட்கும் தொகையோ புது அடுப்பின் விலையில் பாதியைத் தொடும். ஒருமுறை நானும் நம்பி மாற்றினேன். இரண்டே நாளில் அதே கோளாறு திரும்பி வந்தது. உண்மையில் கெட்டிருந்தது கதவுத் தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ஸ்விட்ச். அன்று பட்ட நஷ்டம் நம் சங்கக் குடும்பங்களுக்கும் நேர வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். உணவைச் சூடாக்குவது போர்டு அல்ல. பெரிய டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், டயோடு, மேக்னட்ரான் ஆகியவை சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை இழுப்பதில்லை. சிக்னல் கொடுப்பதோடு சரி. போர்டும் அப்படித்தான். நாம் அழுத்திய பட்டன் எது, கதவு மூடியிருக்கிறதா என்று பார்த்து, ரிலேயை இணைத்துவிடும்; நேரம் முடிந்ததும் துண்டித்துவிடும்.

ஆகவே, மூடியைத் தொடாமலேயே பாதி விஷயத்தை அறியலாம். ஒரு டம்ளர் தண்ணீரை உள்ளே வைத்து, குறைந்த பவரில் இரண்டு நிமிடம் ஓட்டிக் காதால் கேளுங்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை 'டிக்' என்று ரிலே சத்தமும், அதைத் தொடர்ந்து 'உம்ம்' என்ற கனத்த ரீங்காரமும் வரவேண்டும். இரண்டும் வந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால் போர்டு தன் வேலையைச் செய்துவிட்டது. கோளாறு மேக்னட்ரான் பக்கம். 'டிக்' வந்து ரீங்காரம் வரவில்லையானால் ரிலேயின் முனைகள், அதன் பற்றவைப்பு, கதவு ஸ்விட்ச், வெப்பக் கட்டுப்பாட்டு ஸ்விட்ச் ஆகியவற்றில் ஒன்று. நேரம் மட்டும் ஓடி, 'டிக்'கே இல்லையென்றால்தான் போர்டின்மேல் முதல் சந்தேகம். இன்வர்ட்டர் வகை அடுப்புகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லையா? குழந்தைப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் 'பழுது' பல சமயம் இதுதான். 3, 6, 9 போல ஒரே வரிசை மட்டும் செத்திருந்தால் பட்டன் தகட்டின் ரிப்பன் இணைப்பில் ஒரு தடம் அறுந்திருக்கும். எண்கள் எல்லாம் வந்து 'ஸ்டார்ட்' மட்டும் ஏற்காவிட்டால் கதவு ஸ்விட்சைச் சந்தேகியுங்கள்.

கதவைத் திறந்தால் விளக்கு எரிகிறது, ஆனால் எண் திரை இருட்டு என்றால் பல அடுப்புகளில் மெயின் ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது என்று பொருள். போர்டுக்கு வரும் மின்சாரம்தான் நின்றிருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறும். அப்போது போர்டிலுள்ள வேரிஸ்டர் என்னும் வட்ட வில்லை கருகி வெடித்து, மற்றவற்றைக் காப்பாற்றப் பார்க்கும்.

'ஸ்டார்ட்' அழுத்தாமலே, கதவை மூடியவுடன் அடுப்பு தானாக ஓடினால் ரிலே முனைகள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சரி செய்யும்வரை அதில் ஒரு கப் காபிகூடச் சுடவைக்க வேண்டாம்.

இனி மூடியைக் கழற்றுவது. மின்வேலை பழகாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. இதை நான் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. ரயில்வேயில் 25,000 வோல்ட் மேல்கம்பியில் வேலை செய்யுமுன் மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது, கம்பியை எர்த் செய்த பிறகே கை வைப்போம். அதே ஒழுங்கு இங்கும் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் இந்த அடுப்பின் கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். நல்ல இன்சுலேஷன் கைப்பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் இணைத்து, பிறகு ஒவ்வொரு முனையையும் அடுப்பின் உலோக உடலோடு தொடவைத்து இறக்கவேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். மூடி இல்லாமல் அடுப்பை ஒருபோதும் ஓட்டக்கூடாது. மல்டிமீட்டரால் உயர் அழுத்தப் பகுதியை அளக்கவும் கூடாது.

போர்டைக் கழற்றியபின் முதலில் தேடவேண்டியது கரப்பான்பூச்சியின் எச்சம். கதகதப்புக்காக எண் திரைக்குப் பின்னால் குடியேறிவிடும்! அடுத்து பூதக்கண்ணாடியால் ரிலே கால்களின் பற்றவைப்பைப் பாருங்கள். அந்த இடத்தில் ஐந்தாறு ஆம்பியர் ஓடுகிறது. சூடேறி ஆறி, நாளடைவில் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் விழும். என் மகள் வீட்டில் 'போர்டு போச்சு' என்று தீர்ப்பான அடுப்பு, இப்படி ஒரு காலுக்குப் புதிதாக ஈயம் வைத்தவுடன் ஓடத் தொடங்கியது. போர்டிலுள்ள சிறிய டிரான்ஸ்பார்மரையும் அளந்து பாருங்கள்: 230 வோல்ட் பக்கத்துச் சுருளில் சில நூறு ஓம்களாவது காட்டவேண்டும். முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது.

வேலை முடிந்து மூடியைத் திரும்பப் பூட்டியபின், ஒரு லிட்டர் குளிர்ந்த நீரை முழுப் பவரில் சரியாக ஒரு நிமிடம் ஓட்டி, கலக்கிவிட்டு வெப்பம் எத்தனை டிகிரி ஏறியது என்று பாருங்கள். அந்த எண்ணை 70-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு வரும். 10 டிகிரி ஏறினால் 700 வாட். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது. ஐந்து டிகிரிகூட ஏறவில்லையென்றால் போர்டை விட்டுவிட்டு, மேக்னட்ரானைப் பார்க்கத் தெரிந்தவரிடம் அடுப்பைக் கொடுங்கள்.