அரிய நோய்களும் ஆலோசனைக் குழுக்களும்

காலரா போன்ற கொள்ளை நோய் பரவுங்கால் ஊர் முழுவதும் விழித்துக்கொள்ளும். சர்க்காரும் விரைந்து வரும். ஊரில் ஒரே ஒரு குழந்தையைப் பீடிக்கும் நோயோ எவர் கவனத்திற்கும் வருவதில்லை. அதன் பெயரையே பல ஆண்டுகள் அறியாமல் பெற்றோர் வைத்தியர் வீடு தோறும் அலைகின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 2 லட்சம் பேருக்குக் குறைவானோரைப் பற்றும் நோய் சட்டப்படி அரிய நோயாகும். இவ்வகை நோய்கள் பல்லாயிரம் உள்ளன. யாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்நாட்டில் அவதியுறுவோர் 2½ கோடிக்கு மேல் என மதிப்பிடுகின்றனர்.

அந்நாட்டின் வட கரோலினா ராஜ்யம் 2015-ல் சட்டம் இயற்றி, அரிய நோய்களுக்கென ஓர் ஆலோசனைக் குழுவை முதன்முதலாக நிறுவிற்று. ராஜ்யச் சர்வகலாசாலையின் வைத்தியப் பள்ளியில் அமைந்த இக்குழு, கவர்னருக்கும் சட்டசபைக்கும் யோசனை கூறுவது. வைத்தியர், தாதியர், ஆராய்ச்சியாளர் ஆகியோருடன், நோயுற்றவரும் நோயுற்ற குழந்தையின் பெற்றோரும் இதில் அங்கத்தினராவர். இவ்வேற்பாடு நமக்கு வியப்பளிக்க வேண்டியதில்லை. ஏரிக்கரை எவ்விடத்தில் கசிகிறது என்பதைப் பொறியாளருக்கு முன்னரே கீழ்மடைக் குடியானவன் அறிவான் அன்றோ! பின்னர் 25-க்கு மேற்பட்ட ராஜ்யங்கள் இம்முறையைப் பின்பற்றின.

காலத்தே யோசனை கிட்டுவதன் பயனை ஒரு நோயால் விளக்கலாம். 'பீனைல்கீட்டோனூரியா' என்னும் பிறவி நோயுள்ள குழந்தை, புரத உணவிலுள்ள ஒரு பொருளைச் செரித்து மாற்ற இயலாதது. அப்பொருள் இரத்தத்தில் மிகுந்து மூளையைக் கெடுக்கும், கெட்டபின் மீளாது. பிறந்த சில நாட்களிலேயே கண்டறிந்து, அதற்குரிய உணவு முறையைத் தொடங்கினால் குழந்தை மற்றவரைப் போலவே வளரும். குதிகாலில் குத்தி எடுத்த சில துளி இரத்தத்தை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை ராபர்ட் கத்ரி என்னும் விஞ்ஞானி வகுத்தார். மாசசூசெட்ஸ் ராஜ்யம் 1963-ல் அச்சோதனையைக் கட்டாயமாக்கிற்று. எந்த நோய்களுக்குக் குழந்தைகளைச் சோதிப்பது என்பதை அங்கு ஒவ்வொரு ராஜ்யமும் தானே தீர்மானிக்கிறது.

குழு யோசனை கூறலாம். பணம் ஒதுக்கும் அதிகாரம் அதற்கில்லை. புதிதாக ஒரு நோயைப் பட்டியலில் சேர்க்கச் சோதனைக்கூடமும் பயிற்சி பெற்றோரும் வேண்டும். நோய் கண்டபின் மருந்தோ உணவோ தர வழியில்லையேல் சோதனையால் பெற்றோருக்குத் துயரமே மிஞ்சும்.

நமது நாட்டில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வெளியாயிற்று. குறிப்பிட்ட சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோருக்கு ரூ. 50 லட்சம் வரை உதவ 2022-ல் வகை செய்யப்பட்டது. காரணம் புரியாது வளர்ச்சி குன்றிய குழந்தை ஊரில் இருப்பின், அதனை முதலில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கப் பஞ்சாயத்து அங்கத்தினர் உதவலாம்.